தங்க, வெள்ளி நானோ துகள் தயாரிப்பும் செல் நச்சுச் சோதனையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, ஈரோடு, சேலம், நாமக்கல் பக்கத்துக் கல்லூரிகளில் எம்.எஸ்சி. புராஜெக்ட் என்றால் நானோ துகள் செய்து செல்லில் நச்சு பார்ப்பது இப்போது சாதாரணமாகிவிட்டது. மாணவர்களும், அவர்கள் வீட்டாரும், நகைப் பட்டறைக்காரர்களும், பனியன் கம்பெனிக்காரர்களும் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். துகள் செய்வது ஒரு காலைப்பொழுது வேலை. செல் செத்தால் எது கொன்றது என்று உறுதியாகச் சொல்வதற்குத்தான் மாதக்கணக்காகும். அதனால் பின்பாதியில் சில பதில்கள் நீளமாகவே இருக்கும்.

தங்கம் மஞ்சள்தானே? நானோவாக்கினால் ஏன் சிவப்பாகிறது?

தங்கத்துக்குள் கட்டில்லாமல் ஓடுகிற எலக்ட்ரான்கள் உண்டு. துகள் 10, 20 நானோமீட்டர் (மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர்) அளவுக்குச் சிறுத்துவிட்டால், ஒளி பட்டதும் அந்த எலக்ட்ரான்கள் எல்லாம் ஒன்றுசேர்ந்து முன்னும் பின்னும் அலைகின்றன. அந்த அலைவோடு ஒத்துப்போகிற நிறத்தைத் துகள் விழுங்கிவிடும். தங்கத்துக்கு அது 520 நானோமீட்டர் பக்கம், அதாவது பச்சை. பச்சை போய்விட்டால் கண்ணுக்குச் சிவப்புதான் மிஞ்சும். வெள்ளி 400 பக்கத்து ஊதாவை விழுங்குவதால் மஞ்சளாகத் தெரிகிறது. துகள் பெரிதானாலோ ஒன்றோடொன்று ஒட்டினாலோ இந்த இடம் நகர்ந்து, தங்கம் நீலமாகும். நம் கையில் இருக்கிற முதல் தகவலே நிறம்தான்.

மைக்கேல் ஃபாரடே 1857இல் இதை ஆராய்ந்து, நிறத்துக்குக் காரணம் மிகமிக நுண்ணிய தங்கத் துகள்தான் என்று சொன்னார். அவர் செய்த கரைசல் இன்னமும் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இருக்கிறது.

தங்கம் விற்கிற விலைக்கு இது கட்டுபடியாகுமாங்க?

தாராளமாக ஆகும். ஒரு தடவை செய்ய 1 மில்லிமோலார் தங்கக் கரைசல் 20 மில்லி போதும். அதில் இருக்கிற தங்கம் 4 மில்லிகிராம்கூட வராது. ஒரு பவுன் 8 கிராம் என்றால், அதை வைத்து ஏறத்தாழ இரண்டாயிரம் தடவை செய்யலாம். காசைத் தின்பது செல் வளர்ப்பு: சீரம் (ரத்தத்திலிருந்து பிரித்த திரவம்), மீடியம் (செல் வளர்கிற சத்துக் கரைசல்), வெல் பிளேட் (குழிகள் உள்ள தட்டு), பைபெட் முனைகள், கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர். பட்ஜெட் போடும்போது அந்தப் பக்கம் அதிகமாக ஒதுக்குங்கள்.

தங்க உப்பு, அதாவது குளோரோ ஆரிக் அமிலம், ஒரு கிராம் பாட்டிலில் வரும். அதில் எடையில் பாதிதான் தங்கம், மீதி குளோரினும் தண்ணீரும். காற்றிலுள்ள ஈரத்தை வேகமாக இழுத்துக்கொள்ளும். ஐப்பசி மழைக்காலத்தில் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு எடை போட்டால் கண் முன்னாலேயே பிசுபிசுத்துவிடும். அதனால் பாட்டில் முழுவதையும் ஒரே தடவையில் கரைத்து, அடர்த்தியான கரைசலாக இருட்டில் வைத்துக்கொள்வது நல்லது. உலோகக் கரண்டியை அதில் விடவே கூடாது. தங்கம் அந்தக் கரண்டி மேலேயே படிந்துவிடும். பிளாஸ்டிக் அல்லது கண்ணாடிக் கரண்டிதான் வேண்டும்.

எங்க அப்பாவுக்கு நகைப் பட்டறை. கழிவுத் தங்கத்தை ராஜதிராவகத்தில் கரைத்தால் உப்பு கிடைக்குமே?

கிடைக்கும், ஆனால் இந்த வேலைக்கு ஆகாது. 22 காரட்டில் தங்கம் 91.6 சதவீதம், மீதி செம்பும் வெள்ளியும். செம்பு அயனி செல்லுக்கு நஞ்சு. பிறகு செல் செத்ததற்குத் தங்கம் காரணமா செம்பு காரணமா என்று யாரால் சொல்ல முடியும்? 24 காரட்டாகவே இருந்தாலும், ராஜதிராவகத்தில் மிச்சமிருக்கிற நைட்ரிக் அமிலத்தை ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு விட்டுக் காய்ச்சி விரட்ட வேண்டும். அப்போது எழும் பழுப்புப் புகை, உள்ளே போன உடனே தெரியாமல் சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோக்க வைக்கும். புகை உறிஞ்சும் கூண்டு இல்லாத இடத்தில் யாரும் இதைச் செய்ய வேண்டாம். பட்டறையில் நாள்தோறும் திராவகத்தோடு புழங்கும் பெரியவர்களின் கைப்பழக்கத்தின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. அந்தப் புகைக்கு அவர்களும் தப்ப முடியாது.

சிட்ரேட் முறையைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்க.

டர்கெவிச் 1951இல் வகுத்துக் கொடுத்த முறை, இன்றும் அதுதான் அடிப்படை. 1 மில்லிமோலார் தங்கக் கரைசல் 20 மில்லியைக் கோனிக்கல் பிளாஸ்கில் எடுத்து, மேக்னடிக் ஸ்டிரர் சுழல, நன்றாகக் கொதிக்க விடுங்கள். தளதளவென்று கொதி வந்ததும் 1 சதவீத டிரைசோடியம் சிட்ரேட் 2 மில்லியை ஒரே மூச்சில் ஊற்றுங்கள்.

அதன் பிறகு கண்ணை எடுக்காதீர்கள். இளமஞ்சள் முதலில் வெளுத்து நிறமே இல்லாமல் போகும். எதுவுமே நடக்கவில்லை என்று தோன்றுகிற நேரத்தில் சாம்பல் படரும், அடுத்து மை போன்ற கருநீலம், அப்புறம் கருஞ்சிவப்பு, கடைசியில் தெளிந்த சிவப்பு. சுமார் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். அந்தக் கருநீலத்தைப் பார்த்து, கெட்டுப்போய்விட்டது என்று கீழே ஊற்றிவிடுகிறவர்கள் உண்டு. பொறுங்கள், அது வழியில் வருகிற நிறம்.

இந்த அளவில் செய்தால் 13 முதல் 20 நானோமீட்டருக்குள் துகள் கிடைக்கும். சிட்ரேட்டைக் குறைத்தால் துகள் பெரிதாகும். இதை 1973இல் ஃப்ரென்ஸ் முறையாகக் காட்டினார். சிட்ரேட் இரண்டு வேலை பார்க்கிறது: தங்க அயனியை உலோகமாக ஒடுக்குகிறது, பிறந்த துகள்மேல் எதிர்மின் சுமையாக ஒட்டிக்கொண்டு ஒன்றையொன்று தள்ளி நிற்க வைக்கிறது. உப்பு போட்டால் அந்தத் தள்ளுதல் மறைந்து, துகள்கள் ஒட்டி, சிவப்பு நீலமாகிவிடும். ஒரு மில்லியைத் தனியே எடுத்து ஒரு சிட்டிகை கல்லுப்பு போட்டுப் பாருங்கள், நொடியில் தெரியும். பின்னால் செல் மீடியத்தில் என்ன நடக்கும் என்பதற்கு இதுவே முன்னோட்டம்.

கண்ணாடிப் பாத்திரம் சுத்தமாக இல்லையென்றால் இத்தனையும் வீண். சுவரில் பழைய துகள் ஒட்டியிருந்தால் புதுத் துகள் அதன்மேல் வளரும், அளவு தாறுமாறாகிவிடும்.

சிறுவாணித் தண்ணீர் நல்ல தண்ணீராயிற்றே, அது போதாதா?

குடிக்க அதைப் போல ஒரு தண்ணீர் கிடையாது. நானோவுக்கு ஆகாது. குழாயில் வரும் எந்தத் தண்ணீரிலும் குளோரைடு இருக்கும். நம்ம ஊர் போர்த் தண்ணீரைச் சொல்லவே வேண்டாம். ஒரு டெஸ்ட் டியூபில் குழாய்த் தண்ணீர் எடுத்து இரண்டு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டால் பால் கலந்தது போல வெண்மையாக மங்கும். அது சில்வர் குளோரைடு. உங்கள் வெள்ளி அங்கேயே போய்விட்டது. இரட்டை வாலை வடிநீராவது வேண்டும். செல் வேலைக்கு 18.2 மெகாஓம் தரத்து மிகத் தூய தண்ணீர் இருந்தால் நிம்மதி.

வெள்ளித் துகளுக்கு என்ன முறை?

2 மில்லிமோலார் சோடியம் போரோஹைட்ரைடு 30 மில்லியை ஐஸில் வைத்துக் குளிரவிட்டு, கலக்கிக்கொண்டே 1 மில்லிமோலார் சில்வர் நைட்ரேட் 10 மில்லியை நொடிக்கு ஒரு சொட்டு வீதம் விட வேண்டும். இளமஞ்சள் வரும். நைட்ரேட் தீர்ந்ததும் கலக்குவதை உடனே நிறுத்துங்கள். தொடர்ந்து சுற்றவிட்டால் மஞ்சள் கறுத்து, ஊதாவாகி, சாம்பலாகிப் படிந்துவிடும். போரோஹைட்ரைடு தண்ணீரில் தானாகவே சிதைகிற பொருள். காலையில் கரைத்ததை மத்தியானம் பயன்படுத்தினால் பலன் இருக்காது, சித்திரை வெயிலில் இன்னும் மோசம்.

சில்வர் நைட்ரேட் பட்ட விரல் வெளிச்சத்தில் கறுத்துவிடும், சில நாள் போகாது. கையுறை போடுங்கள்.

மஞ்சளிலும் வேப்பிலையிலும் செய்கிறார்களே, அது இன்னும் பாதுகாப்பானதுதானே?

ஈரோட்டு மஞ்சள், வேம்பு, ஆவாரம்பூ, முருங்கை என்று இங்கே விளைகிற எதையும் விட்டு வைக்காமல் செய்து பார்த்திருக்கிறார்கள். இலைச் சாற்றிலுள்ள பாலிபீனால்கள் வெள்ளி அயனியை ஒடுக்குவது உண்மைதான். நச்சான ஒடுக்கியைத் தவிர்க்கலாம், ஏழைக் கல்லூரி ஆய்வகத்திலும் செய்யலாம். இந்த முறை எனக்குப் பிடிக்கும்.

ஆனால் செல் சோதனைக்கு வரும்போது இதுதான் இருப்பதிலேயே சிக்கலான துகள். சாற்றில் எத்தனை பொருள் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மரத்துக்கு மரம், மாதத்துக்கு மாதம் மாறும். துகள்மேல் எது ஒட்டியிருக்கிறது என்று சொல்வது கஷ்டம். அந்தச் சாறே செல்லைக் கொல்லலாம், சாற்றிலுள்ள குளோரைடு வெள்ளியில் ஒரு பங்கை சில்வர் குளோரைடாக மாற்றிவிடலாம். இலையில் செய்ததால் உடலுக்கு நல்லது என்ற முடிவுக்கு எந்த ஆதாரமும் இல்லை. அரளியும் இலைதான்.

மஞ்சளில் இன்னொரு வலை இருக்கிறது. குர்குமின் 425 நானோமீட்டர் பக்கம் ஒளியை உறிஞ்சும். வெள்ளித் துகளின் பீக்கும் (ஒளியை அதிகமாக விழுங்கும் இடம்) அதே இடம். மஞ்சள் சாறு மஞ்சளாகத் தெரிந்து, 420இல் பீக் வந்தது என்று துகள் உருவானதாக எழுதிவிடாதீர்கள். வெள்ளி சேர்க்காத சாற்றின் ரீடிங்கைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

பிளாட்டினம், பல்லேடியம்?

செய்யலாம். கரைசல் கரும்பழுப்பாக வரும். தங்கம், வெள்ளிபோல் கண்ணுக்குத் தெரிகிற ஒளியில் கூர்மையான பீக் வராது, அதைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். பிளாட்டினத்தில் துகளாக ஒடுங்காத உப்பு மிச்சமிருக்கிறதா என்பதில் மட்டும் மிகவும் கவனம் வேண்டும். புற்றுநோய் மருந்தான சிஸ்பிளாட்டின் ஒரு பிளாட்டினச் சேர்மம்தான். அந்த உலோகத்தின் சேர்மங்கள் செல்லை எவ்வளவு பலமாகத் தாக்கும் என்பது அதிலேயே தெரியும்.

செய்தது நானோ துகள்தான் என்று எப்படி நிரூபிப்பது?

நிறமாலைமானியில் பீக் பார்ப்பது முதல் படி. அகலமான பீக் என்றால் அளவுகள் கலந்திருக்கின்றன. எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவில் 38, 44, 64, 77 டிகிரிக்குப் பக்கத்தில் பீக் வரும். தங்கத்துக்கும் வெள்ளிக்கும் படிகக் கட்டம் ஏறக்குறைய ஒரே அளவு, அதனால் இதை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. 32 டிகிரி பக்கத்தில் பலமாக ஒன்று வந்தால் சில்வர் குளோரைடா என்று சந்தேகப்படுங்கள்.

ஒளிச் சிதறலை வைத்துத் துகள் அளவைக் கணிக்கிற டி.எல்.எஸ். கருவி தருகிற அளவு எப்போதும் எலக்ட்ரான் நுண்ணோக்கியின் அளவைவிடக் கூடுதலாகவே இருக்கும். அது துகளோடு, அதைச் சுற்றிய நீர்ப்படலத்தையும் சேர்த்துக் கணக்கிடுகிறது. அதோடு ஒளிச் சிதறல் விட்டத்தின் ஆறாம் அடுக்கில் ஏறும்: 100 நானோமீட்டர் துகள் ஒன்று, 10 நானோமீட்டர் துகளைவிடப் பத்து லட்சம் மடங்கு ஒளியைச் சிதறடிக்கும். கொஞ்சம் தூசு விழுந்தாலும் ரீடிங் தலைகீழாகிவிடும். இரண்டு எண்களும் வேறாக வந்தால் பயப்பட வேண்டாம், இரண்டையும் எழுதுங்கள்.

எந்தச் செல் வாங்குவது? எங்கே கிடைக்கும்?

நம் நாட்டில் பெரும்பாலும் புனே தேசிய செல் அறிவியல் மையத்திலிருந்துதான் வாங்குகிறோம். மார்பகப் புற்றுநோய்க்கு எம்.சி.எஃப்-7, நுரையீரலுக்கு ஏ549, கருப்பை வாய்க்கு ஹீலா. ஒப்பிட, எலிச் செல்லான எல்929 அல்லது குரங்கின் சிறுநீரகச் செல்லான வெரோ. ஹீலா செல்கள் 1951இல் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண்மணியிடமிருந்து, அவர் சம்மதம் கேட்காமலேயே எடுக்கப்பட்டவை. அந்தச் செல்லைக் கையில் எடுக்கிற ஒவ்வொரு மாணவரும் அந்தப் பெயரைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அதில் எச்.பி.வி.-18 வைரஸின் மரபணு இருப்பதால் இரண்டாம் நிலை உயிரிப் பாதுகாப்பு தேவை.

பக்கத்து ஆய்வகத்து நண்பரிடம் ஒரு பிளாஸ்க் வாங்கிக்கொள்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். செல் கலப்பும் மைக்கோபிளாஸ்மா என்ற மிகச் சிறிய பாக்டீரியாவின் தொற்றும் அப்படித்தான் பரவுகின்றன. மைக்கோபிளாஸ்மா இருந்தாலும் மீடியம் கலங்காது. செல்லின் நடத்தை மட்டும் மாறிவிடும்.

எம்.டி.டி. சோதனை எப்படி வேலை செய்கிறது?

மோஸ்மன் 1983இல் கொண்டுவந்தது. எம்.டி.டி. மஞ்சள் நிற உப்பு. உயிருள்ள செல்லின் நொதிகள், குறிப்பாக மைட்டோகாண்டிரியாவில் இருப்பவை, அதை ஊதா நிற ஃபார்மசானாக மாற்றும். ஊதா எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு செல் உயிரோடு இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறோம்.

96 குழி பிளேட்டில் குழிக்கு 5,000 முதல் 10,000 செல் போட்டு, 37 டிகிரியில், 5 சதவீத கார்பன் டை ஆக்சைடில் ஒரு இரவு ஒட்டவிட வேண்டும். மறுநாள் துகள் கொடுத்து 24 அல்லது 48 மணி நேரம். பிறகு மில்லிக்கு 0.5 மில்லிகிராம் வருமாறு எம்.டி.டி. சேர்த்து நான்கு மணி நேரம் இருட்டில். நுண்ணோக்கியில் பார்த்தால் செல்லுக்குள்ளும் மேலும் ஊதா ஊசிகள் சிலிர்த்துக்கொண்டு நிற்கும். மீடியத்தைப் பதமாக எடுத்துவிட்டு டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பான் 100 மைக்ரோலிட்டரில் ஊசிகளைக் கரைத்து, 570 நானோமீட்டரில் ரீடிங். மீடியத்தை எடுக்கும்போது பைபெட் முனை குழியின் அடியில் பட்டால் ஊசிகளும் சேர்ந்து போய்விடும். பிளேட்டைச் சாய்த்து ஓரத்திலிருந்து எடுங்கள். ஓரக் குழிகளில் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகும். அவற்றில் பஃபர் ஊற்றி விட்டுவிட்டு, நடுக் குழிகளை மட்டும் பயன்படுத்துவது நல்லது.

மருத்துவக் கருவிகளுக்கான ஐ.எஸ்.ஓ. 10993-5 விதிப்படி, உயிர்ப்பு 70 சதவீதத்துக்குக் கீழே போனால் அந்தப் பொருள் செல்லுக்கு நச்சாகக்கூடியது.

டோஸ் எப்படி முடிவு செய்வது? 100 மைக்ரோகிராம் வரை போடச் சொல்கிறார் கைடு.

முதலில் கையில் இருப்பது எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள். மேலே சொன்ன வெள்ளி முறையில் கடைசியில் கிடைப்பது 40 மில்லி. நைட்ரேட் முழுவதும் துகளானாலும் ஒரு மில்லியில் 27 மைக்ரோகிராம்தான் வெள்ளி. அதை அப்படியே மீடியத்தில் கலந்து மில்லிக்கு 100 மைக்ரோகிராம் டோஸ் கொடுக்கவே முடியாது. சென்ட்ரிபியூஜில் சுழற்றிச் செறிவாக்க வேண்டும், செறிவாக்கும்போது துகள் ஒட்டிக்கொள்ளாமல் பார்க்க வேண்டும். உலர்த்திய பொடியை எடை போட்டுக் கரைப்பவர்கள் உண்டு. பொடியில் பாதி இலைச் சாறாக இருந்தால் அந்த எடைக்கு அர்த்தமில்லை. ஐ.சி.பி. கருவியில் உலோகத்தை அளந்து எழுதுவதுதான் நேர்மையான எண்.

இன்னொன்று. நீர்த்த கரைசலை 100 மைக்ரோலிட்டர் மீடியத்தில் 100 மைக்ரோலிட்டராக ஊற்றினால் மீடியம் பாதியாகிவிடுகிறது. செல் பட்டினியில் சாகும், பழி துகள்மேல் விழும்.

கன்ட்ரோல் எத்தனை வேண்டும்? ஒன்று போதாதா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

கன்ட்ரோல் என்றால் ஒப்பிட்டுப் பார்க்க வைக்கிற குழி. எதுவும் சேர்க்காத செல் ஒரு கன்ட்ரோல், அது எல்லோரும் வைப்பது. அது மட்டும் இருந்தால், குழியில் ஊற்றிய கலவை செல்லைப் பாதித்தது என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. கலவையில் துகளோடு, மிஞ்சிய அயனி, ஒடுக்கி, ஒட்டுப்பொருள், தண்ணீர் எல்லாம் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் தனித்தனியே விசாரிக்க வேண்டும்.

துகள் இல்லாமல், அதே அளவு தண்ணீரும் சிட்ரேட்டும் மட்டும் கொடுத்த குழிகள் வேண்டும். மேலே சொன்ன பட்டினி இதில் தெரிந்துவிடும். துகளைச் சுழற்றி அடியில் இறக்கி, மேலே நிற்கிற தெளிந்த நீரை மட்டும் கொடுத்த குழிகள் வேண்டும். துகளே இல்லாத அந்த நீர், துகள் அளவுக்கே செல்லைக் கொன்றால், குற்றவாளி கரைந்திருக்கிற ஏதோ ஒன்று. வெள்ளி என்றால் அதே அளவு சில்வர் நைட்ரேட் கொடுத்த வரிசை ஒன்று. இலைச் சாறு என்றால் சாறு மட்டும் ஒரு வரிசை. செல்லை நிச்சயம் கொல்கிற டிரைட்டான் எக்ஸ்-100 போன்ற ஒன்று, சோதனை வேலை செய்கிறது என்று காட்ட. கடைசியாக, செல்லே இல்லாமல் துகளும் எம்.டி.டி.யும் மட்டும் உள்ள குழிகள்.

தெளிந்த நீர் சோதனை எவ்வளவு முக்கியம் என்பதற்குத் தங்க நானோ கம்பிகளே சாட்சி. அவற்றை வளர்க்க சிடாப் என்ற சோப்பு வகைப் பொருள் வேண்டும். கம்பிகள் செல்லுக்கு நச்சு என்று வந்த முடிவுகளை 2009இல் அல்கிலானி குழுவினர் இப்படிப் பிரித்துப் பார்த்தபோது, தெளிந்த நீரே கம்பிக் கரைசல் அளவுக்குச் செல்லைக் கொன்றது. கரைந்து நின்ற சிடாப்தான் காரணம்.

ஒரே பிளேட்டில் மூன்று குழி வைத்துவிட்டு மூன்று முறை செய்ததாக எழுதக் கூடாது. வேறு நாளில், புதிதாகச் செய்த துகளோடு, வேறு தலைமுறைச் செல்லில் செய்தால்தான் அது மறுமுறை.

துகளின் நிறமே ரீடிங்கைக் கெடுக்காதா?

கெடுக்கும். ஒரு கற்பனைக் கணக்கு பார்ப்போம். துகள் கொடுக்காத செல் 0.85, வெறும் மீடியம் 0.05, துகள் கொடுத்த செல் 0.45. மீடியத்தைக் கழித்து வகுத்தால் 0.40க்கு 0.80, அதாவது 50 சதவீதம் உயிர்ப்பு. இப்போது செல்லில்லாத குழியில் துகளும் எம்.டி.டி.யும் மட்டும் 0.15 காட்டுகிறது என்று வையுங்கள். அதைக் கழித்தால் 0.30க்கு 0.80, வெறும் 37.5 சதவீதம். தங்கத்தின் சிவப்பு, செத்த செல்லை உயிரோடு இருப்பதாகக் காட்டியிருக்கிறது. இலைச் சாற்றின் பாலிபீனால்கள் செல்லே இல்லாமல் எம்.டி.டி.யை ஊதாவாக்கும், அதுவும் இதே மாதிரி ஏமாற்றும்.

அதனால் இரண்டாவதாக வேறு வகைச் சோதனை ஒன்றும் வேண்டும். பழுதான செல்லிலிருந்து எல்.டி.எச். என்ற நொதி கசிவதைப் பார்க்கலாம், வெள்ளி அயனி அந்த நொதியையே முடக்கிவிடும் என்பதை மறக்க வேண்டாம். செத்த செல்லில் மட்டும் ஏறுகிற டிரிப்பான் நீலம் என்ற சாயம் போட்டு கண்ணால் எண்ணுவது பழைய முறைதான், ஆனால் நம்பலாம்.

மீடியத்தில் ஊற்றியதும் சிவப்பு மங்கி நீலமாகிறது. என்ன செய்ய?

கல்லுப்பு சோதனையில் பார்த்ததேதான். மீடியத்தில் உப்பு நிறைய. சீரம் இருந்தால் அதன் புரதங்கள் துகளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு ஓரளவு காக்கும். செல் சந்திப்பது நாம் செய்த துகளை அப்படியே இல்லை, புரதம் போர்த்திய துகளை. ஒட்டிய கட்டிகள் கனத்தால் செல்மேல் படிந்து, டோஸ் நாம் நினைத்ததைவிட அதிகமாகிவிடும். மீடியத்தில் கலந்து, உடனேயும் 24 மணி நேரம் கழித்தும் நிறமாலை எடுத்து ஆய்வேட்டில் கட்டாயம் போடுங்கள்.

கடைசியில் தங்கம் நச்சா, இல்லையா?

அளவைப் பொறுத்தது. 15 நானோமீட்டர் தங்கத் துகளை அதிக அளவில் கொடுத்தும் செல்கள் தாங்கியதையும், 1.4 நானோமீட்டர் துகள் அவற்றைக் கொன்றதையும் 2007இல் ஒரு ஜெர்மன் குழு காட்டியது. 15 நானோமீட்டர் துகளில் ஏறத்தாழ ஒரு லட்சம் அணு இருக்கும், 1.4இல் 55 அணுதான். அந்தச் சின்னது வேதியியலில் வேறு பொருள் போலவே நடந்துகொள்கிறது. அளவும் மேற்பூச்சும் சொல்லாமல், தங்கம் பாதுகாப்பானது என்று எழுதும் வாக்கியத்துக்கு மதிப்பில்லை.

வெள்ளி மட்டும் ஏன் இவ்வளவு எளிதாகக் கொல்கிறது?

வெள்ளித் துகள் ஆக்ஸிஜன் இருக்கிற நீரில் மெல்லக் கரைந்து அயனி விடும். செல் துகளை விழுங்கியதும், செல்லின் செரிமானப் பையான, அமிலத்தன்மையுள்ள லைசோசோமுக்குள் கரைவது வேகமாகிறது. வெளியே வந்த அயனி கந்தகத்தைத் தேடிப் பிடிக்கும். குளூட்டாதயோனும் பல நொதிகளும் கந்தகம் கொண்டவை. செல்லின் ஆக்ஸிஜனேற்றத் தற்காப்பு குலைந்து, மைட்டோகாண்டிரியா பழுதாகி, டி.என்.ஏ.வரை சேதம் போகும். கந்தகமுள்ள அமினோ அமிலமான சிஸ்டீன் சேர்த்தால் அது அயனியைப் பிடித்துக்கொள்ளும். அப்போது நச்சு குறைகிறதா என்று பார்ப்பது எளிய, நல்ல சோதனை.

பழைய கரைசல் புதியதைவிட அதிகம் கொல்லும், அயனி சேர்ந்திருக்கும். செய்த தேதியைக் கட்டாயம் எழுதுங்கள்.

எம்.சி.எஃப்-7 செத்தது. புற்றுநோய்க்கு மருந்து கிடைத்ததாக எழுதலாமா?

கூடாது கண்ணு. சாதாரண செல்லும் அதே டோஸில் செத்ததா என்று முதலில் பார். பிளேட்டில் செல்லைக் கொல்ல நூறு பொருள் உண்டு, பினாயிலும் கொல்லும். இந்த டோஸில், இத்தனை மணி நேரத்தில், இந்தச் செல்லின் உயிர்ப்பு இவ்வளவு குறைந்தது என்று எழுது. பத்திரிகையில் வரும் தலைப்பைப் படித்துவிட்டு, கீமோ எடுத்துக்கொண்டிருக்கிற ஒருவர் சிகிச்சையை நிறுத்திவிட்டால் அந்தப் பாவம் நம்மைத்தான் சேரும்.

தங்க பஸ்பம் சாப்பிடலாமா? வெள்ளித் தண்ணீர் விற்கிறார்களே?

பிளேட்டில் செய்த சோதனையை வைத்து, எதைச் சாப்பிடலாம் என்று சொல்லவே முடியாது. பஸ்பம் பற்றிப் பதிவு பெற்ற சித்த மருத்துவரிடம் கேளுங்கள். வெள்ளித் தண்ணீரைக் குடிக்க வேண்டாம். தொடர்ந்து குடித்தவர்களுக்குத் தோல் நீலச் சாம்பலாக மாறியிருக்கிறது, அது திரும்பாது. இப்படி மருந்துக்கடையில் விற்கும் வெள்ளிக் கரைசல்கள் பாதுகாப்பானவையோ பயனுள்ளவையோ அல்ல என்று அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 1999இலேயே அறிவித்துவிட்டது.

சேலத்துக் கொலுசு போட்டால் ஏதாவது ஆகுமா என்றும் கேட்கிறார்கள். ஒன்றும் ஆகாது, அது கட்டி வெள்ளி.

திருப்பூரில் வியர்வை நாற்றம் வராத பனியனுக்கு வெள்ளி ஏற்றுகிறோம். நச்சா?

போட்டுக்கொள்கிறவரைவிடத் துவைத்த தண்ணீரைப் பற்றித்தான் எனக்குக் கவலை. 2008இல் அமெரிக்காவின் அரிசோனாவில் கடையில் வாங்கிய வெள்ளி காலுறைகளைத் தண்ணீரில் அலசிப் பார்த்தார்கள். சில வகைகள் நான்கே அலசலில் கிட்டத்தட்ட எல்லா வெள்ளியையும் விட்டன, சில கிட்டத்தட்ட விடவே இல்லை. நூலில் எப்படிப் பிணைத்திருக்கிறது என்பதில்தான் வித்தியாசம். கழிவுநீரைச் சுத்தம் செய்கிற பாக்டீரியாவை வெள்ளி பாதிக்கும். நொய்யல் பட்டதெல்லாம் போதும். வாங்குகிற ரசாயனக்காரரிடம், பத்துத் துவைப்புக்குப் பிறகு துணியில் எவ்வளவு வெள்ளி மிஞ்சுகிறது என்று சான்றிதழ் கேளுங்கள், துவைத்த நீரையும் அளக்கச் சொல்லுங்கள்.

மீதமான கரைசலை சிங்கில் ஊற்றலாமா?

ஊற்றக் கூடாது. தங்கம், வெள்ளி இரண்டுக்கும் தனித்தனிக் கழிவுப் பாட்டில் வையுங்கள். போரோஹைட்ரைடு உள்ள கரைசலை உடனே இறுக்கி மூடினால் ஹைட்ரஜன் சேர்ந்து பாட்டில் வெடிக்கலாம். ஒரு இரவு புகை உறிஞ்சும் கூண்டுக்குள் திறந்து வைத்துவிட்டு மூடுங்கள். கரைந்த வெள்ளியில் உப்புத் தண்ணீர் விட்டு, படிந்த சில்வர் குளோரைடை வடிகட்டிச் சேர்த்து வைக்கலாம். இரண்டு கழிவிலும் அம்மோனியா மட்டும் தப்பித்தவறியும் கலக்கக் கூடாது, காய்ந்தால் லேசாகத் தொட்டாலே வெடிக்கிற பொருள் உருவாகும். செல் பட்ட பிளேட், முனை எல்லாம் ஆட்டோகிளேவ் போன பிறகு உயிரிக் கழிவுக்குப் போக வேண்டும். டி.எம்.எஸ்.ஓ. தோல் வழியாகக் கரைந்ததையும் கூட்டிக்கொண்டு உள்ளே போகும், அதனால் எம்.டி.டி. பிளேட்டைக் கழுவும்போதும் கையுறையைக் கழற்றாதீர்கள்.